விடுதி, உணவகத் துறையில் சுற்றுலாவின் பங்கை மதிப்பிடுவது எப்படி?

எந்த நாட்டின் தேசியக் கணக்கை எடுத்துப் பார்த்தாலும் வேளாண்மை, கட்டுமானம், போக்குவரத்து, விடுதிகளும் உணவகங்களும் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைப்பு இருக்கும். சுற்றுலாவுக்கென்று தனித் தலைப்பு இருக்காது. துறைகள் எதை உற்பத்தி செய்கின்றன என்பதை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. சுற்றுலாவோ, வாங்குபவர் யார் என்பதை வைத்து வரையறுக்கப்படுகிறது. ஒரே அடுப்பில் சமைத்த ஒரே சாப்பாட்டைப் பக்கத்துத் தெருவில் வசிப்பவர் சாப்பிட்டால் அது சுற்றுலாக் கணக்கில் சேராது; வெளியூரிலிருந்து வந்தவர் சாப்பிட்டால் சேரும். உணவகத்தின் பேரேட்டில் இந்த வேறுபாடு பதிவாவதே இல்லை என்பதால், அதை வெளியிலிருந்து மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு குறுக்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். துறையின் முழு மதிப்பையும் சுற்றுலா என்று எழுதிவிடுவது ஒன்று. வேறொரு நாட்டின் அறிக்கையில் கண்ட சதவீதத்தை அப்படியே எடுத்துப் பொருத்திவிடுவது மற்றொன்று. முதலாவது எப்போதும் மிகைக் கணக்கு. இரண்டாவது சரியாகவும் அமையலாம், ஆனால் அது சரியா தவறா என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இருக்காது.

முறையான பாதைக்குப் பெயர் சுற்றுலாத் துணைநிலைக் கணக்கு, அதாவது தேசியக் கணக்கோடு இணைந்து சுற்றுலாவை மட்டும் தனியே காட்டும் கணக்கு. 1994இல் இத்தகைய கணக்கை முதலில் வெளியிட்டது கனடா. இன்று பயன்பாட்டில் உள்ள சர்வதேச வழிகாட்டுச் சட்டகம், ஐக்கிய நாடுகள் அவை, உலகச் சுற்றுலா அமைப்பு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் ஆகியவை இணைந்து உருவாக்கிய 2008ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் பத்து அட்டவணைகள் உள்ளன. நமக்கு உயிர்நாடி ஆறாவது அட்டவணைதான். நாட்டில் கிடைக்கும் அளிப்பையும் சுற்றுலாப் பயணிகளின் நுகர்வையும் எதிரெதிரே வைப்பது அதுவே. முழுக் கணக்கையும் தயாரிக்க வசதியில்லாத இடத்திலும், விடுதி, உணவகம் என்ற ஒரு துறைக்கு மட்டும் அந்த அட்டவணையின் தர்க்கத்தைப் பின்பற்ற முடியும்.

முதல் படி: எல்லையை வரைதல்

சர்வதேசத் தொழில் வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தில் தங்குமிடச் சேவை 55ஆம் பிரிவிலும், உணவு மற்றும் பானச் சேவை 56ஆம் பிரிவிலும் உள்ளன. மூன்றாம் திருத்தத்தில் இவ்விரண்டும் 55 என்ற ஒரே பிரிவுக்குள் இருந்தன. நீண்ட காலத் தொடரைக் கையில் எடுப்பவர் எந்த ஆண்டு எந்தத் திருத்தத்தின்படி தொகுக்கப்பட்டது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வகைப்பாடு மாறிய ஆண்டில் ஏற்படும் தாவலைச் சுற்றுலா வளர்ச்சி என்று எண்ணிவிடுவார்.

55ஆம் பிரிவுக்குள்ளேயே மாணவர் விடுதி, தொழிலாளர் விடுதி போன்றவையும் அடங்கும். அங்கே தங்குபவர்களில் பலர் பயணிகள் அல்லர். 56ஆம் பிரிவில், நிகழ்ச்சிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தச் சேவை (5621) சுற்றுலாவுக்குரிய தொழில்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. மறுபுறம், தனியார் தம் வீட்டையோ அறையையோ நாள் வாடகைக்கு விடுவது பல நாடுகளில் விடுதித் துறையின் கணக்கெடுப்பில் சிக்காமல் வீட்டு வாடகைப் பிரிவுக்குள் போய்விடுகிறது. பயணிகள் ஆய்வில் அந்தச் செலவு “தங்குமிடம்” என்று பதிவாகி, அளிப்புப் பக்கத்தில் அது இல்லாமல் போனால், பயணிகளின் நுகர்வை அளிப்பால் வகுத்து வரும் விகிதம் செயற்கையாக உயரும். தொகுதியில் எது இருக்கிறதோ அதுவே பகுதியிலும் இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தாலும் தகும்.

இரண்டாம் படி: பயணி யார்?

ஒருவர் தம் வழக்கமான சூழலுக்கு வெளியே, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு, சென்ற இடத்தில் உள்ள நிறுவனத்தில் வேலைக்கு அமர்வது தவிர்ந்த வேறு எந்த முதன்மை நோக்கத்துடன் சென்றாலும் அவர் பயணியே. ஓய்வு, வணிகம், மருத்துவம், வழிபாடு, உறவினரைக் காணச் செல்வது ஆகிய யாவும் இதில் அடங்கும். இரவு தங்காமல் அன்றே திரும்புபவரும் பயணிதான். அவர் அறை எடுக்க மாட்டார், ஆனால் இரண்டு வேளையாவது வெளியில் சாப்பிடுவார். உறவினர் வீட்டில் தங்குபவரின் நிலையும் இதுவே. இவர்களை விட்டுவிட்டு, விடுதிப் பதிவேட்டில் உள்ள விருந்தினர் எண்ணிக்கையை மட்டும் உணவுச் செலவால் பெருக்கினால் உணவகப் பங்கு பெரிதும் குறைந்துபோகும்.

“வழக்கமான சூழல்” என்பதைத் தொலைவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை செல்கிறார், எவ்வளவு நேரம் தங்குகிறார், நிர்வாக எல்லையைக் கடக்கிறாரா என்ற அளவுகோல்களால் ஒவ்வொரு நாடும் தனக்கேற்ப வகுத்துக்கொள்கிறது. அலுவலகத்துக்கு நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று வருபவரின் மதிய உணவு சுற்றுலா நுகர்வு அல்ல. உள்நாட்டுப் பயணம் அதிகமுள்ள நாட்டில் இந்த வரையறையைச் சற்றே தளர்த்தினாலும் உணவகத்தின் விகிதம் பல புள்ளிகள் நகரும். ஆகவே எந்த வரையறையைப் பயன்படுத்தினோம் என்பதை முடிவின் பக்கத்திலேயே எழுதுவது கட்டாயம். அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பது போதாது.

மூன்றாம் படி: நுகர்வைத் திரட்டுதல்

நமக்கு வேண்டியது உள்நாட்டில் நடைபெறும் சுற்றுலா நுகர்வு, அதாவது வெளிநாட்டிலிருந்து வருவோரின் செலவும் நாட்டில் வசிப்போர் நாட்டுக்குள் பயணம் செய்யும்போது ஆகும் செலவும் சேர்ந்த தொகை. நாட்டில் வசிப்போர் வெளிநாட்டில் செய்யும் செலவு இதில் வராது. ஆனால் வெளிநாடு புறப்படுவதற்கு முதல்நாள் விமான நிலையத்தருகே அறை எடுத்திருந்தால், அது உள்நாட்டு அளிப்பிலிருந்து வாங்கியது என்பதால் வரும்.

வெளிநாட்டவர் செலவுக்கு எல்லையில் நடத்தும் ஆய்வே முதன்மை ஆதாரம். அது இல்லாதபோது பலர் அயலகக் கொடுப்பல் சமநிலையின் (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவுக் கணக்கின்) “பயணம்” என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தலைப்பில், ஓராண்டுக்கு மேல் தங்கிப் படிக்கும் மாணவர்களும் சிகிச்சை பெறுவோரும், பருவகாலத் தொழிலாளரும் எல்லைத் தொழிலாளரும் செய்யும் செலவும் கலந்திருக்கும். மேலும் தங்குமிடம், உணவு என்ற பிரிவினை அதில் பெரும்பாலும் இருக்காது. கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகே அதைப் பயன்படுத்தலாம். உள்நாட்டுப் பயணிகளுக்குக் குடும்பங்களிடையே நடத்தும் பயண ஆய்வு வேண்டும். நிறுவனம் பணம் கொடுத்து அனுப்பும் ஊழியரின் அறை வாடகை தேசியக் கணக்கில் அந்த நிறுவனத்தின் இடைநிலை நுகர்வாக, அதாவது உற்பத்திக்காக வாங்கிப் பயன்படுத்தியதாகப் பதிவாகும்; குடும்ப நுகர்வில் தேடினால் கிடைக்காது. சுற்றுலாக் கணக்கில் அதுவும் சேர்ந்தாக வேண்டும், ஏனெனில் வணிகப் பயணியும் பயணியே.

தொகுப்புச் சுற்றுலா ஒரு தனித் தலைவலி. விமானம், அறை, காலையுணவு, பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே தொகை கட்டியவரிடம் அறைக்கு எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை, அவருக்குத் தெரியாது. அவர் ஊகமாகச் சொல்வது பெரும்பாலும் விளம்பரப் பலகையில் உள்ள வாடகையாகவே இருக்கும்; ஏற்பாட்டாளர் விடுதிக்குக் கொடுத்ததோ ஒப்பந்த வாடகை. இங்கே விடுதியிடமிருந்தும் ஏற்பாட்டாளரிடமிருந்தும் பெற்ற விலையைக் கொண்டு தொகுப்பைப் பிரித்து, ஏற்பாட்டாளரின் இலாபப் பங்கைப் பயண முகவர் சேவை என்று தனியே வைக்க வேண்டும். இணையவழி முன்பதிவுத் தளங்களின் தரகுக்கும் இதே கவனம் தேவை. தரகை உள்ளடக்கிய முழு வாடகையை வருவாயாக எழுதும் விடுதிகளும் உண்டு, தரகு போக மிஞ்சியதை எழுதும் விடுதிகளும் உண்டு.

நான்காம் படி: ஒரே விலையில் ஒப்பிடுதல்

இங்கிருந்து ஒரு கற்பனை நாட்டின் எண்களை வைத்துப் பார்ப்போம். எல்லாத் தொகைகளும் கோடியில், விளக்கத்துக்காக மட்டும்.

விடுதித் தொழிலின் ஆண்டு வெளியீடு (விற்ற சேவைகளின் மொத்த மதிப்பு) அடிப்படை விலையில், அதாவது விற்பனை வரி சேராமல், 500. அதில் அறை வாடகை 350, விடுதிக்குள்ளேயே விற்ற உணவு 130, மண்டப வாடகை போன்ற பிற வருவாய் 20. உணவகத் தொழிலின் வெளியீடு 1,500. அது முழுவதும் உணவே என்று கொள்வோம். ஆக நாட்டின் தங்குமிடச் சேவை 350, உணவுச் சேவை 1,630. இவற்றின் மீது 10% விற்பனை வரி சேர்ந்தால், வாங்குவோர் விலையில் முறையே 385, 1,793. பயணிகள் ஆய்வின்படி, தங்குமிடத்துக்கு வெளிநாட்டவர் 160, உள்நாட்டவர் 206, மொத்தம் 366. உணவுக்கு வெளிநாட்டவர் 210, உள்நாட்டவர் 328, மொத்தம் 538.

பயணி தரும் பணத்தில் வரி அடங்கியிருக்கிறது. நிறுவன ஆய்விலிருந்து வரும் வெளியீட்டில் வரி இல்லை. இதைக் கவனிக்காமல் 366ஐ 350ஆல் வகுத்தால் 105% வரும். நாட்டில் விற்ற அறைகளைவிடப் பயணிகள் அதிகம் வாங்கியதாகப் பொருள்படும். தங்குமிடத்தில் 100ஐத் தாண்டுவதால் தவறு உடனே கண்ணில் படுகிறது. உணவில் அதே தவறு 30%ஐ 33% ஆக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சரியான விகிதங்கள்: தங்குமிடத்துக்கு 366ஐ 385ஆல் வகுத்து ஏறத்தாழ 95%, உணவுக்கு 538ஐ 1,793ஆல் வகுத்து 30%.

ஐந்தாம் படி: விகிதத்திலிருந்து கூட்டு மதிப்புக்கு

விகிதம் கணக்கிடப்பட்டது தங்குமிடம், உணவு என்ற விற்பனைப் பொருளுக்கு. நமக்கு வேண்டியது தொழிலுக்கு. விடுதித் தொழிலின் அறை வருவாய் 350இல் 95% என்றால் 332.5, உணவு 130இல் 30% என்றால் 39, பிற வருவாய் 20இல் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 2. ஆக 373.5, அதாவது வெளியீட்டில் 74.7%. உணவகத் தொழிலில் 30%, அதாவது 450.

அடுத்து, ஒரு தொழிலின் இடைநிலைச் செலவு பயணிக்கும் உள்ளூர்வாசிக்கும் ஒரே விகிதத்தில் ஆகிறது என்ற எடுகோளின் பேரில், அதே பங்கை மொத்தக் கூட்டு மதிப்பின் (வெளியீட்டிலிருந்து இடைநிலைச் செலவு போக மிஞ்சுவதன்) மீது பொருத்துகிறோம். விடுதியின் கூட்டு மதிப்பு வெளியீட்டில் பாதி, 250 என்றும் உணவகத்தினுடையது 40%, அதாவது 600 என்றும் கொண்டால், சுற்றுலாவின் நேரடிக் கூட்டு மதிப்பு விடுதியில் ஏறத்தாழ 187, உணவகத்தில் 180. இரண்டும் சேர்ந்து 367. துறையின் மொத்தக் கூட்டு மதிப்பு 850இல் இது 43%. துறை முழுவதையும் சுற்றுலா என்று எழுதியவர் உண்மையை இருமடங்குக்கு மேல் பெருக்கியிருப்பார்.

விடுதிக்குள் உள்ள உணவகத்துக்கும் தெருமுனை உணவகத்துக்கும் ஒரே 30% பொருந்துமா என்ற கேள்வி எழுவது இயல்பு, பொருந்தாது. விடுதி உணவில் 60% பயணிகளுடையது என்று வேறு ஆதாரத்தால் தெரிந்தால், அங்கே 78 போய்விடும். மொத்தச் சுற்றுலா உணவு அடிப்படை விலையில் 489 என்பது மாறாததால் தனி உணவகங்களுக்கு 411, அதாவது 27.4% மிஞ்சும். விடுதித் தொழிலின் பங்கு 74.7இலிருந்து 82.5%க்கு ஏறும். ஆனால் துறையின் மொத்தப் பங்கு 43.1இலிருந்து 43.6%க்குத்தான் நகரும். துறை முழுவதற்குமான ஓர் எண்தான் தேவை என்றால் இந்தத் திருத்தத்துக்காக ஒரு புதிய ஆய்வு நடத்துவது வீண். இரு தொழில்களையும் தனித்தனியே வெளியிடப் போகிறோம் என்றால் அது அவசியம்.

உழைப்பை எங்கே செலுத்துவது?

தங்குமிட விகிதத்தை 95இலிருந்து 90க்கு இறக்கிப் பாருங்கள்: துறையின் சுற்றுலாப் பங்கு ஒரு புள்ளிதான் குறைகிறது. உணவு விகிதத்தை 30இலிருந்து 35க்கு ஏற்றினால் ஏறத்தாழ நான்கு புள்ளிகள் கூடுகின்றன. உணவகம் பெரியது, அதன் விகிதமும் நிச்சயமற்றது. விடுதி சிறியது, அதன் விகிதமோ எப்படியும் உயரத்தில்தான் இருக்கும். ஆனாலும் பெரும்பாலான அலுவலகங்களில் அறை எண்ணிக்கை, படுக்கை எண்ணிக்கை, நிரம்பல் விகிதம் என்று விடுதித் தரவுக்கே நேரமும் பணமும் போகின்றன. தரவு எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. என் பரிந்துரை, நேரத்தில் முக்கால் பங்கை உணவு விகிதத்துக்கே ஒதுக்குங்கள் என்பது.

உணவு விகிதத்தைச் சோதிக்கச் சிறந்த வழி மீதியைப் பார்ப்பது. நம் எடுத்துக்காட்டில் 1,793இல் 538 போக 1,255 உள்ளூர்வாசிகள் சாப்பிட்டதாக இருக்க வேண்டும். குடும்பச் செலவு ஆய்வில் வெளியில் சாப்பிட்ட செலவு 1,050 என்றும் அதில் பயணத்தின்போது செய்தது 250 என்றும் வந்தால், உள்ளூர்ச் செலவு 800. நிறுவனங்கள் வாங்கும் உணவு 100ஐச் சேர்த்தால் 900. இன்னும் 355 யார் சாப்பிட்டது என்று தெரியவில்லை. அதைச் சுற்றுலாவின் தலையில் கட்டினால் விகிதம் 30இலிருந்து ஏறத்தாழ 50%க்குத் தாவிவிடும். இந்தச் சபலத்துக்கு இடம் தரக் கூடாது. குடும்ப ஆய்வுகளில் வெளியில் சாப்பிடுவதும் மது அருந்துவதும் குறைத்தே சொல்லப்படுகின்றன என்பது எங்கும் அறிந்த குறை. அதே குறை பயண ஆய்விலும் இருக்கும் என்பதால், இடைவெளியை இரு பக்கமும் அவற்றின் அளவுக்கேற்பப் பகிர்ந்து பார்த்து, 30% என்பதைக் கீழெல்லையாகவும் பகிர்ந்தபின் வருவதை மேலெல்லையாகவும் வைப்பது நேர்மையான வழி.

வேறு சில துணைச் சான்றுகளும் உண்டு. மாதவாரி விற்பனை வரித் தரவு கிடைத்தால், பயணிகள் மிகக் குறைவாக வரும் மாதத்தின் உணவக விற்பனையை உள்ளூர்த் தேவையாகக் கொண்டு, மற்ற மாதங்களில் அதற்கு மேலுள்ளதைச் சுற்றுலா என்று எண்ணலாம். அந்த மாதத்திலும் சில பயணிகள் இருப்பார்கள் என்பதால் பொதுவாக இது குறைந்தபட்ச மதிப்பீடாக அமையும். வங்கி அட்டைப் பரிவர்த்தனைகளில் வெளிநாட்டில் வழங்கப்பட்ட அட்டைகளைப் பிரித்தெடுப்பது பருவ ஏற்ற இறக்கத்தை அழகாகக் காட்டும், ஆனால் ரொக்கத்தில் செலவிடுவோரைக் காட்டாது. இவற்றிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். அளவை ஆய்விலிருந்துதான் எடுக்க வேண்டும்.

விடுதிப் பக்கத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும். நாட்டில் 20,000 அறைகள், சராசரி நிரம்பல் 55% என்றால், ஆண்டுக்கு 40.15 லட்சம் அறை-இரவுகள். 350 கோடியை அதனால் வகுத்தால் ஓர் அறை-இரவுக்கு 872 வருகிறது. பயணிகள் ஆய்வு சராசரி வாடகை 1,400 என்று சொன்னால், ஒப்பந்தத் தள்ளுபடியையும் வரியையும் கழித்த பிறகும் இடைவெளி எஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினால் விடுதிகள் வருவாயைக் குறைத்துக் காட்டியிருக்கக்கூடும். அப்போது திருத்த வேண்டியது விகிதத்தை அல்ல, வெளியீட்டை.

வெளியிடும்போது

“விடுதி, உணவகத் துறையில் சுற்றுலாவின் பங்கு” என்பதும் “சுற்றுலாவில் விடுதி, உணவகத் துறையின் பங்கு” என்பதும் வெவ்வேறு வகுத்தல்கள். செய்தி அறிக்கைகளில் இவை அடிக்கடி இடம் மாறுகின்றன. நாம் கணக்கிட்டது நேரடிப் பங்கு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவகத்துக்குக் காய்கறி விற்றவரின் வருமானமும், ஊழியர்கள் சம்பளத்தைச் செலவிடுவதால் எழும் விளைவும் இதில் இல்லை. உலகப் பயண மற்றும் சுற்றுலாக் குழுமம் வெளியிடும் மொத்தப் பங்களிப்பு எண்களில் அவை இருக்கின்றன. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

வேலைவாய்ப்புக்கும் இதே விகிதங்களைப் பொருத்தலாம், ஆனால் தலைகளை எண்ணாமல் முழுநேரத்துக்குச் சமமான பணியிடங்களை எண்ண வேண்டும்; பருவகாலத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை பார்ப்பவர்கள் இத்துறையில் அதிகம்.

அளிப்பு–பயன்பாட்டு அட்டவணை (ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, எங்கே பயன்பட்டது என்று காட்டுவது) ஆண்டுதோறும் வராத நாடுகளில், அடிப்படை ஆண்டின் விகிதத்தை அடுத்த ஆண்டுகளுக்கு நகர்த்திக்கொண்டு போவது வழக்கம். அப்படியே நகர்த்தாமல், பயணிகளின் செலவு ஒரு குறியீட்டால் எவ்வளவு வளர்ந்தது, துறையின் வெளியீடு எவ்வளவு வளர்ந்தது என்று இரண்டையும் தனித்தனியே நகர்த்தி, பிறகு வகுக்க வேண்டும். 2020இல் உலகெங்கும் சர்வதேசப் பயணிகள் வருகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வீழ்ந்தது. உணவகங்களோ பொட்டலம் கட்டியும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தும் உள்ளூர்வாசிகளுக்கு ஓரளவு விற்றுக்கொண்டிருந்தன. 2019இன் விகிதத்தை அந்த ஆண்டுக்குப் பொருத்தியவர், ஆள் வராத ஆண்டில் பயணிகள் சாப்பிட்டதாகக் கணக்கு எழுதியிருப்பார். விகிதத்தை நகர்த்துவதற்கு ஐந்தாண்டுக்கு மேற்படாத வரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் ஒரு பயண ஆய்வையாவது புதிதாக நடத்தி, பழைய ஆண்டுகளையும் அதற்கேற்பத் திருத்தி வெளியிடுங்கள்.